குழாய்மேல் கிடந்த பனி

நான் பெர்கன்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டாலும் என் வாயை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் நீளம் என்று நார்வே முழுக்கப் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, மழை இருக்கிறது, பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. வடக்கே ஸ்டூர்மோ பயிற்சி முகாமில் என்ன இருக்கிறது? மலை, பிர்ச் மரம், பனி. இவற்றுக்கு நடுவே, தோளில் துப்பாக்கியும் முகத்தில் தூக்கமுமாக ஓடிக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இனி என் மனைவி டோருன்தான் பொறுப்பு என்று சேதி வந்தது. டோருன் ராணுவத்தில் மேஜர். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் வேலைக்கு வருஷக்கணக்காக ஆசைப்பட்டவள். சேதி வந்ததும் அவள் துள்ளிக் குதிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"வேண்டாம்னா சொல்லு ஷூர். இன்னைக்கே முடியாதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லிட்டு ஆயுசு பூரா என்னை முறைச்சுக்கிட்டே இருப்ப."

"முறைக்க மாட்டேன். மனசுக்குள்ள வெச்சுக்குவேன்."

"அதுக்கு முறைக்கிறதே தேவலை."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஏப்ரலில் வருகிற ஈஸ்டர் வரைக்கும் நானும் மகள் இல்வாவும் அங்கே இருந்து பார்ப்பது. ஒத்துவராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் பெர்கனுக்குத் திரும்பிவிடுவது. டோருன் அங்கேயே தனியாக இருந்துகொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விமானம் பிடித்து வந்து போவது. "நீ போறேன்னு சொன்னா நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். சத்தியம்," என்றாள்.

ஸ்டூர்மோவில் பாதி அதிகாரிகள் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்பதைப் போன பிறகுதான் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் முகாம் வாசலில் சக்கரப் பெட்டிகளோடு வரிசையாக நிற்பார்கள். சொந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்ததைப் போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆட்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனாலும் ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை வாரம் என்று மனசு ஒரு பக்கம் எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது, ஒரு பொது முற்றத்தைச் சுற்றி நின்ற மஞ்சள் மரவீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் சார்ஜென்ட் யோருல்ஃப். சங்கிலிச் சக்கர வண்டிகளை ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தாடிக்குள் எங்கேயோ ஒரு வாய் இருந்தது. அவசியம் வந்தால்தான் திறக்கும். அவருக்கு இரண்டு பையன்கள். எதிர்வீட்டில் முகாம் மருத்துவமனை நர்ஸ் சிக்னி, கைக்குழந்தைக்காரி. எல்லோரும் அவ்வளவு மரியாதை. "குளிருக்கு வீடு தாங்குதுங்களா?" "ஏதாவது வேணும்னா தயங்காம சொல்லுங்க." கேட்பார்கள், தலையாட்டுவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெர்கனில் என்றால் இதற்குள் என் கல்யாணக் கதை வரைக்கும் பிடுங்கியிருப்பார்கள்.

நான் படகு என்ஜின் மெக்கானிக். கடலே இல்லாத ஊரில் என்னை எவன் கூப்பிடப் போகிறான்? டோருன் இருட்டோடு போய் இருட்டோடு வருவாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, பொருந்தாத திரைச்சீலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தேன். பத்து வயது இல்வா பள்ளிக்கூடம் விட்டு வந்து நேராகத் தன் அறைக்குள் போய்விடுவாள்.

"பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"யாரோடயாவது விளையாடினியா?"

"நான் வாயத் திறந்தாலே பெர்கன் பேச்சு பேசறேன்னு சிரிக்கறாங்கப்பா."

"நம்ம பேச்சைக் கேக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு சொல்லு."

"நீயே வந்து சொல்லு," என்று கதவைச் சாத்துவாள். சரிதான், ஈஸ்டர் வந்ததும் இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் பொதுக் கொட்டகையில் அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். பனியை வாரித் தூர வீசுகிற பெரிய இயந்திரம். பழுதாகி, மேலே பழைய தார்ப்பாய் போட்டு, ஒரு மூலையில் தள்ளியிருந்தார்கள். எல்லோரும் கையால்தான் பனி வாரிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. நான்கு நாள் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் அது உறுமிய உறுமலில் எனக்குப் பெர்கன் துறைமுகத்துக்கே திரும்பிப் போனது மாதிரி இருந்தது.

அது மார்ச் முதல் வாரம். பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை. டோருனும் யோருல்ஃபும் படையோடு மலைக்கு மேலே கூடாரப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். யோருல்ஃபின் பையன்கள் அத்தை வீட்டில், சிக்னி குழந்தையோடு அம்மா வீட்டில். மற்ற வீட்டுக்காரர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டு தங்கள் மலைக்குடிசைகளுக்குப் போய்விட்டார்கள். முற்றத்தில் நானும் இல்வாவும் இயந்திரமும்தான். எல்லோரும் திரும்பி வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

முற்றத்துக்கு நடுவே, சாலையிலிருந்து வீடுகள் வரைக்கும், நீளவாக்கில் ஒரு பட்டை பனி மட்டும் எப்போதும் யாரும் தொடாமல் இடுப்பளவுக்குக் கிடக்கும். வாரினால் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாருவார்களே தவிர அதைத் தொட மாட்டார்கள். நடப்பதும் சுற்றிக்கொண்டுதான்.

"அப்பா, இதை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்காங்க?" என்று இல்வா கேட்டாள்.

"சோம்பேறித்தனம். வடக்கத்திக்காரங்க இல்ல?"

பட்டையை முழுசாக வாரினேன். கீழே சரளைக் கல் பளிச்சென்று தெரிகிற வரைக்கும் வாரி, எல்லாவற்றையும் மரங்களுக்குப் பின்னால் வீசினேன். எங்கள் ஊர் நடன மேடைகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. இரண்டு நாள் கழித்து வானம் நிர்மலமானது. குளிர் இறங்கிக்கொண்டே போய், மைனஸ் முப்பதுக்கும் கீழே போனது. மூக்குக்குள் முடி விறைத்துக்கொண்டது.

டோருன் ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வந்தாள். ஒரு வாரம் கூடாரத்தில் கிடந்து, உடம்பெல்லாம் விறகுப் புகை நாற்றம். "ஒண்ணும் பேசாத. முதல்ல சுடுதண்ணி," என்று குளியலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து குழாய் இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

வெளியே வந்து பார்த்தால், யோருல்ஃப் வாயில் பல்துலக்கும் பிரஷோடு தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முற்றத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முற்றத்தைப் பார்த்தார்.

"இதை வாரினது யாரு?"

"நான்தான்," என்றேன், இன்னும் பெருமை குறையாமல். "மெஷினை ரிப்பேர் பண்ணதும் நான்தான்."

"ரொம்ப சுத்தமா வாரியிருக்கீங்க." பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "அந்தப் பட்டைக்குக் கீழதான் எல்லா வீட்டுக்கும் தண்ணிக் குழாய் ஓடுது. மேல கிடந்த பனிதான் அதுக்குப் போர்வை. போர்வை இல்லைன்னா குளிர் நேரா தரைக்குள்ள இறங்கிடும்."

"அப்போ குழாய்?"

"உறைஞ்சிருக்கும்."

"எப்போ சரியாகும்?"

"தரை இளகினா சரியாயிடும்."

"தரை எப்போ இளகும்?"

"ஜூன்ல பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு, மரியாதையாகத் தலையசைத்து உள்ளே போய்விட்டார்.

குளிருக்குப் பயந்து பனியைப் போர்த்திவைப்பார்கள் என்று எந்தப் பெர்கன்காரனுக்குத் தெரியும்? எங்களுக்குப் பனி என்றால் வருஷத்துக்கு நான்கு நாள் செருப்பை நனைக்கிற சனியன். அங்கே அது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அதனால்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நெருப்பில் கை வைக்காதே என்று வளர்ந்த ஆளிடம் யாராவது சொல்வார்களா? முகாம் பராமரிப்பு ஆட்கள் வந்து எதையெதையோ உள்ளே விட்டுப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து முற்றத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணீர், முகாம் சலவைக்கூடத்திலிருந்துதான். கேன்களில் பிடித்து, சறுக்குவண்டியில் ஏற்றி, இழுத்து வர வேண்டும். குளியல் படைவீரர்கள் தங்கும் கட்டடத்தில். முந்நூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் நிறுத்துகிற என் மனைவி, தோளில் துண்டோடு அவர்களுடைய குளியலறைக்கு வெளியே முறைக்காகக் காத்து நின்றாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ராணுவ வண்டியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாமே என்று கேட்டேன். "என் புருஷன் பண்ணினதுக்கு என் படை கூலி வேலை பாக்கணுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது எனக்கு இன்னும் குத்தியது.

சிக்னியின் கைக்குழந்தையை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அவள் வாசலில் கேன்களை இறக்கிவைப்பேன். "ரொம்ப நன்றிங்க, உங்களுக்கு எவ்வளவு சிரமம்," என்பாள். யோருல்ஃப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்குக் குளிர் கொஞ்சம் பரவாயில்லைங்க," என்பார். யாருமே ஒரு வார்த்தை திட்டவில்லை. இந்த மரியாதையில் நான் செத்துச் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தேன். என்னை அடியோடு வெறுக்கிறார்கள், அதனால்தான் வாயே திறக்கவில்லை என்று முடிவுகட்டினேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், துணி மடித்துக்கொண்டிருந்த டோருனிடம் சொன்னேன்.

"நாங்க போயிடறோம்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"சரி," என்றாள். "டிக்கெட்டை நான் பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? சத்தியமாவது மண்ணாவது. நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு, சரி என்றதற்காக அவள்மேல் எரிந்து விழுந்தேன். கேன் ஏன் மூடாமல் கிடக்கிறது, விளக்கு ஏன் எரிகிறது என்று என்னென்னவோ சத்தம் போட்டேன். அவள் எழுந்து போய்க் கேனை மூடினாள், விளக்கை அணைத்தாள்.

இல்வாவிடம் சொன்னபோது அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன்.

"இப்போ எதுக்குப் போகணும்?"

"நீதானே, உன் பேச்சுக்குச் சிரிக்கறாங்கன்னு சொன்ன?"

"அது அப்போ. இப்போ நாங்க எல்லாரும் சேர்ந்துதான் தண்ணி இழுக்கறோம். சரிவுல கேன் மேல உக்காந்தே வருவோம். யோருல்ஃப் வீட்டுப் பசங்க வண்டியை நான்தான் தள்ளி விடறேன்." கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் வரல. நீ மட்டும் போ."

இல்வா அழுதுகொண்டே போய் யோருல்ஃபின் பையன்களிடம் சொல்லியிருக்கிறாள். பையன்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது.

பாத்திரம் கழுவுகிற தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக, சனிக்கிழமைகளில் முற்றத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து யோருல்ஃப் வீட்டில் ஒரே பானையில் பால்கஞ்சி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அரிசியும் பாலும் குழைந்து, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும், நடுவில் ஒரு கட்டி வெண்ணெயும் உருகிக்கொண்டு. அந்தச் சனிக்கிழமையும் போனோம். டோருன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யோருல்ஃப் எனக்குக் கஞ்சி ஊற்றினார். ஊற்றிவிட்டு, அகப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன, ஓடிப் போறியாமே?"

'ங்க' காணாமல் போயிருந்தது.

"குடியிருக்க வந்த இடத்துல எல்லார் வீட்டுத் தண்ணியையும் நிறுத்திட்டு, பொட்டியைக் கட்டறான் பாரு. நாங்க ஒரு வார்த்தை சொன்னோமா உன்னை?"

"அதான் சொல்லலையே," என்று எனக்கும் எகிறியது. "ஒரு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். ஆளாளுக்கு நன்றிங்க, பரவாயில்லைங்கன்னு... மனுஷன் எப்படி இருக்கறது இங்க?"

"மேஜர் வீட்டுக்காரராச்சே, புது ஆளாச்சேன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம்டா. திட்டு வேணுமா உனக்கு? உக்காரு." அகப்பையைப் பானையில் போட்டார். அதற்கப்புறம் அந்தத் தாடிக்குள்ளிருந்து வந்தது பாருங்கள், நான் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவன், என் காதே கூசியது. அச்சில் ஏறுகிற வார்த்தைகளை மட்டும் எழுதுகிறேன். "மழைத் தவளை. மீன் மண்டை. மூளை இருக்கிற இடத்துல என்ஜின் கேஸ்கட்டைப் போட்டு மூடி வெச்சிருக்கான். ஒரு வாரம் முழுசா குண்டியில பனிக்கட்டி ஒட்டிக்கிட்டு மலையில கிடந்துட்டு வந்து, பல்லு விளக்கக் குழாயைத் திறக்கறேன், தண்ணி இல்ல; வெளிய வந்து பார்த்தா கல்லு பல்லை இளிக்குது. சுத்தமா வேற வாரி வெச்சிருக்கான், பரதேசி."

"யோருல்ஃப், பிள்ளைங்க இருக்காங்க," என்றாள் சிக்னி.

"இருக்கட்டும். கத்துக்கட்டும்."

"அப்போ எனக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கு," என்று சிக்னி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அறிவு கெட்டவனே, நீ விடியக்காலையில கேனை டொங்குனு வெக்கற சத்தத்துல என் பிள்ளை எழுந்துடுது. அப்புறம் தூங்கவே மாட்டேங்குது. மெதுவா வெச்சா உன் கை தேஞ்சா போயிடும்?"

வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். இல்வாவும் சிரித்தாள், கஞ்சி மூக்கில் ஏற. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"தண்டனை என்ன தெரியுமா?" என்றார் யோருல்ஃப். "அடுத்த குளிர்காலம் முதல் பனி விழறதுலேர்ந்து அந்தப் பட்டைக்கு நீதான் காவல். எவன் கை வெச்சாலும் உன்னைத்தான் உதைப்பேன்."

"காவல் காத்து என்ன புண்ணியம்? இடுப்பளவு பத்தாது," என்றேன். என்ஜின் வேலை என்று வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. "நீங்க கையால வாரி வாரி ரெண்டு பக்கமும் வீணாக் கொட்டறீங்க. அடுத்த குளிர்காலம் நான் மெஷின் வாயைத் திருப்பி வெச்சு, வாசல்ல வார்றது பூரா குழாய் மேலயே விழற மாதிரி பண்றேன். டிசம்பருக்குள்ள ஆள் உயரம் வந்துடும். ஓரத்துல கம்பு நட்டு வெச்சா ராத்திரி வண்டி ஏத்த மாட்டாங்க. அதுக்கு மெஷின்ல ஒரு கழுத்துப் பகுதி மாத்தணும். அதை நான் கோடையிலேயே..."

"ஆள் உயரம் போட்டா மே மாசம் முற்றமே குளமாயிடும்டா."

"வாய்க்கால் வெட்டறேன். அதுக்கு அடுத்த வருஷம்..."

ஜன்னலோரம் ஸ்பூன் கிண்ணத்தில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். டோருன் எழுந்து, "இதோ வரேன்," என்று யாருக்கோ சொல்லிவிட்டு, மேல்கோட்டுகூட எடுக்காமல் வெளியே போனாள். அப்போதுதான் நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே உறைத்தது.

பின்னாலேயே போனேன். எங்கள் வீட்டு நடையில், பூட்ஸ்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, ஒரு சின்னப் பெண் மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதாள். பதிமூன்று வருஷக் குடித்தனத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியம் பண்ணியிருந்தேனே."

"மண்ணாங்கட்டிச் சத்தியம்."

"தினம் வேலை முடிஞ்சு வந்து, வண்டியை வாசல்ல நிறுத்திட்டு, இறங்காம உக்காந்திருப்பேன்," என்றாள். "சமையலறை ஜன்னல்ல நீ அங்கயும் இங்கயும் நடக்கறது தெரியும். அதைப் பார்க்காம தலையைக் குனிஞ்சுக்குவேன். ஈஸ்டருக்கு அப்புறம் இந்த ஜன்னல் இருட்டாத்தானே இருக்கும், இப்பவே பழகிக்கணும்னு. பழகவே இல்ல ஷூர். ஒரு நாள்கூடப் பழகல."

அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். தலைமுடியில் சலவைக்கூடத்துச் சோப்பு வாசனை. "நான் எங்கயும் போகல. டிக்கெட்டைத் தூக்கிப் போடு," என்று அப்புறம்தான் சொன்னேன். என்னை விட்டுவிட்டு இவள் எப்படி இருப்பாள் என்று மாசக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். இவளை விட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன் என்று ஒருநாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அடுப்பில் மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் அவள் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலை ஒட்டி, வெளிச்சத்துக்கு நேரே போய் நின்றேன். என்ஜின் அணைந்ததும் வண்டிக் கதவு திறந்தது.

"பசி உயிர் போகுது, என்ன சமையல்?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தாள்.